அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு அடிமைமுறை எப்படி வழிவகுத்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 ஏப்ரலில் தொடங்கியது. அந்தப் பேச்சு வந்தாலே லிங்கன், அடிமை விடுதலை என்ற இரண்டு சொற்களோடு பலருக்கும் கதை முடிந்துவிடுகிறது. அதற்கு முந்தைய எழுபது ஆண்டுகளைச் சமரசம் பேசியே ஓட்டிய ஒரு நாடு, பிறகு ஏன் பேசித் தீர்க்க முடியாத இடத்தில் போய் நின்றது என்பதுதான் இங்கே பேசப்படும் செய்தி. கேள்விகள் காலவரிசையை ஒட்டியே வருகின்றன. முதல் கேள்வி மட்டும் விதிவிலக்கு. அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது.

போருக்கு உண்மையான காரணம் அடிமைமுறைதானா? மாநில உரிமை, இறக்குமதி வரி என்றெல்லாம் சொல்கிறார்களே?

அடிமைமுறைதான். இதற்கு நாம் வேறு யாரிடமும் சாட்சி கேட்க வேண்டாம். பிரிந்து போனவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1861 ஜனவரியில் பிரிந்த மிசிசிப்பி மாநிலம் தன் முடிவை விளக்கி வெளியிட்ட அறிக்கை, தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முற்றாகப் பிணைந்தது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கிறது. உலகின் மிகப் பெரிய பொருளாதார நலன் அதுதான் என்றும் அதே வாக்கியத்தில் சேர்த்துக்கொள்கிறது. தென் மாநிலங்கள் சேர்ந்து அமைத்த புதிய கூட்டரசின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ், 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசியபோது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்ற கொள்கையே தங்கள் அரசின் மூலைக்கல் என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

மாநில உரிமை வாதம் போர் முடிந்த பிறகு பெரிதாக வளர்க்கப்பட்டது. தென் கரோலினா 1860 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையைப் படித்துப் பாருங்கள். வட மாநிலங்கள் தங்களுக்குள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தி, தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தர மறுக்கின்றன என்பதுதான் அதன் முக்கியமான குறை. அடிமையை உடன் அழைத்துக்கொண்டு நியூயார்க் வழியாகப் பயணம் செய்யக்கூட உரிமை இல்லையாம்! ஆக, மாநிலங்கள் தம் விருப்பப்படி நடந்துகொண்டதை எதிர்த்துப் புகார் செய்தது தெற்கு.

வரி விவகாரம் உண்மையில் நடந்தது, ஆனால் அது வேறு காலம். 1832-33இல் இறக்குமதி வரியை ஏற்க மறுத்துத் தென் கரோலினா முரண்டு பிடித்தது. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் படையை அனுப்புவேன் என்று மிரட்ட, வரியைப் படிப்படியாகக் குறைக்கும் ஏற்பாட்டோடு அது அடங்கியது. 1857இல் வரி மேலும் குறைக்கப்பட்டது. பிரிவினை தொடங்கிய நேரத்தில் தெற்குக்கு வரியைப் பற்றிக் குமுற அதிகம் இல்லை.

அரசியல் சட்டம் எழுதும்போதே இதைத் தீர்த்திருக்கக் கூடாதா?

தீர்க்க முயன்றிருந்தால் ஒரே நாடு உருவாகியிருக்காது என்பது அன்று பிலடெல்பியாவில் கூடியவர்களின் கணக்கு. 1787இல் அவர்கள் எழுதிய சட்டத்தில் அடிமை என்ற சொல்லே கிடையாது. "மற்ற நபர்கள்", "வேலைக்குக் கட்டுப்பட்டவர்கள்" என்று சுற்றி வளைத்து எழுதினார்கள். கூச்சம் இருந்திருக்கிறது. ஆனால் மூன்று சலுகைகளைத் தெற்குக்குக் கொடுத்தார்கள்: ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1808 வரை தடை செய்யக் கூடாது, வேறு மாநிலத்துக்குத் தப்பியோடினாலும் ஒருவர் விடுதலை பெற்றவராக ஆகிவிட மாட்டார், நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவையின் இடங்களைப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட வேண்டும்.

மூன்றாவதுதான் நீண்ட காலம் வேலை செய்தது. வாக்குரிமை இல்லாத மனிதர்களின் தலைகளை எண்ணி அவர்களுடைய எஜமானர்களுக்குக் கூடுதல் இடங்கள் கிடைத்தன. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் அந்தக் கணக்கே செல்லுபடியானது. முதல் ஐந்து அதிபர்களில் நால்வர் வர்ஜீனியாவைச் சேர்ந்த அடிமை உடைமையாளர்கள்.

வட மாநிலங்களில் அடிமைமுறை இருந்ததா?

இருந்தது. வெர்மான்ட் 1777இல் அதைத் தடை செய்தது. பென்சில்வேனியா 1780இல் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் இயற்றியது. நியூயார்க்கில் அது முற்றாக முடிய 1827 ஆனது. நியூஜெர்சியில் 1860 கணக்கெடுப்பில்கூட அடிமை நிலையில் 18 பேர் பதிவாகியிருக்கிறார்கள். அடிமைமுறையைக் கைவிட்ட வடக்கு, கறுப்பின மக்களைச் சமமாக நடத்தியது என்று எண்ணிவிட வேண்டாம். லிங்கனின் சொந்த மாநிலமான இல்லினாய், கறுப்பர்கள் அங்கே வந்து குடியேறுவதையே 1853இல் தடை செய்தது.

விட்டிருந்தால் தெற்கிலும் அது தானாகவே மறைந்திருக்காதா?

1787இல் பலர் அப்படித்தான் நம்பினார்கள். புகையிலை சாகுபடி நலிந்துகொண்டிருந்தது. வர்ஜீனியா உடைமையாளர்களே அடிமைமுறை ஒரு சுமை என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். 1793இல் எலை விட்னி உருவாக்கிய பருத்திக் கொட்டை நீக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. உள்நாட்டில் விளையும் குட்டை இழைப் பருத்தியில் பஞ்சு கொட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கையால் பிரித்தால் ஒருவர் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு பஞ்சு எடுப்பதே பாடு. இயந்திரம் ஐம்பது பவுண்டு எடுத்தது. கரையோரத்தைத் தாண்டி ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா என்று உள்நிலம் முழுவதும் பருத்திக் காடாயிற்று. பஞ்சைப் பிரிக்க இயந்திரம் வந்ததே தவிர, வயலில் பறிக்க மனிதக் கைகள்தான் வேண்டும்.

1790இல் அடிமைகள் சுமார் 7 லட்சம் பேர். 1860இல் ஏறத்தாழ 39.5 லட்சம். 1808இல் வெளிநாட்டு வணிகம் சட்டப்படி நின்றுவிட்டதால், உள்நாட்டுச் சந்தை அந்த இடத்தைப் பிடித்தது. வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து சுமார் பத்து லட்சம் பேர் ஆழ்தெற்கின் பருத்தி நிலங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் விற்கப்பட்டவர்கள். கணவன் ஒரு மாநிலத்தில், மனைவி ஒரு மாநிலத்தில், பிள்ளைகள் எங்கே என்று தெரியாது. இந்தப் பிரிவுகள்தான் அடிமைமுறையின் மிகக் கொடிய முகம் என்பது என் எண்ணம். சாட்டையடியைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு இதைப் பற்றிப் பேசப்படுவதில்லை.

போருக்கு முன்பு அமெரிக்க ஏற்றுமதியின் மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி. அடிமைகளுக்குச் சந்தை போட்ட விலையைக் கூட்டினால் சுமார் 300 கோடி டாலர். நாட்டின் ரயில் பாதைகளிலும் தொழிற்சாலைகளிலும் போடப்பட்ட முதலை அது மிஞ்சியது. 1850களில் அடிமைகளின் விலை ஏறிக்கொண்டே போனது. அழியப்போகும் ஒரு முறையில் யாரும் அப்படிப் பணத்தைக் கொட்டமாட்டார்கள். தென் கரோலினாவின் ஜேம்ஸ் ஹாமண்ட் 1858இல் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் எழுந்து, பருத்தியே அரசன், அதன்மீது போர் தொடுக்க உலகில் யாருக்கும் துணிவில்லை என்று முழங்கினார். போர் வந்து தென் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதும், இங்கிலாந்தின் லங்காஷையர் ஆலைகள் பம்பாயையும் எகிப்தையும் தேடிப் போயின. தூத்துக்குடியில் கப்பலேறிய திருநெல்வேலிப் பருத்திக்கும் அந்த ஆண்டுகளில் நல்ல காலம். ஹாமண்டின் அரசனுக்கு மாற்று இருந்தது.

தெற்கில் எல்லா வெள்ளையரும் அடிமைகளை வைத்திருந்தார்களா?

இல்லை. பிரிந்து சென்ற பதினோரு மாநிலங்களில் வெள்ளையர் குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவையே வைத்திருந்தன. மற்றவர்கள் ஏன் போருக்குப் போனார்கள் என்றால், நாளை நாமும் ஓர் அடிமையை வாங்கலாம் என்ற ஆசை, எவ்வளவு ஏழையானாலும் தனக்குக் கீழே ஒரு கூட்டம் இருக்கிறது என்ற நினைப்பு, அச்சம் ஆகிய மூன்றையும் சொல்லலாம். தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அடிமைகள். ஹைட்டியில் அடிமைகள் எழுந்து பிரெஞ்சு ஆட்சியைத் துரத்தியதை அவர்கள் மறக்கவில்லை. 1831இல் வர்ஜீனியாவின் சவுத்தாம்ப்டன் பகுதியில் நாட் டர்னர் தலைமையில் நடந்த கிளர்ச்சியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வெள்ளையர் கொல்லப்பட்டார்கள். பதிலுக்குக் கொல்லப்பட்ட கறுப்பர்களில் பலருக்கு அந்தக் கிளர்ச்சியோடு தொடர்பே இல்லை.

1820இல் நடந்த மிசோரி சமரசம் என்பது என்ன?

அப்போது 22 மாநிலங்கள். அடிமைமுறை உள்ளவை 11, இல்லாதவை 11. மிசோரி அடிமை மாநிலமாகச் சேர விண்ணப்பித்ததும், மாநிலத்துக்கு இரண்டு இடங்கள் கொண்ட செனட்டில் தராசு சாய்ந்தது. முடிவில் மிசோரி அப்படியே சேர்ந்தது, மெய்ன் சுதந்திர மாநிலமாக, அதாவது அடிமைமுறை இல்லாத மாநிலமாகச் சேர்ந்தது, பிரான்சிடமிருந்து வாங்கிய லூசியானா நிலப்பரப்பின் மீதியில் 36 பாகை 30 கலை அட்சரேகைக்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்று வரைபடத்தில் ஒரு கோடு போடப்பட்டது. முதிய வயதில் இருந்த முன்னாள் அதிபர் ஜெஃபர்சன், இந்த விவகாரம் நள்ளிரவில் ஒலிக்கும் தீ மணியைப்போலத் தன்னைத் திடுக்கிட வைத்ததாக ஒரு கடிதத்தில் எழுதினார். முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்தக் கோடு தாக்குப் பிடித்தது.

இருக்கிற தோட்டங்களை விட்டுவிட்டு, யாருமே குடியேறாத நிலத்துக்காக ஏன் சண்டை?

இந்தக் கேள்விக்கான பதிலில்தான் முழுக் கதையும் இருக்கிறது. ஒரு மாநிலத்துக்குள் இருக்கும் அடிமைமுறையில் மத்திய அரசு கை வைக்க முடியாது என்பதை லிங்கன் உட்பட ஏறத்தாழ எல்லா அரசியல்வாதிகளும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். மாநிலமாக ஆகாத புதிய பிரதேசங்கள் அப்படியல்ல. அவற்றை ஆள்வது நாடாளுமன்றம். எனவே சட்டப்படி மோத இடம் இருந்தது அங்கே மட்டுந்தான். தவிர, ஒவ்வொரு பிரதேசமும் நாளை ஒரு மாநிலம், செனட்டில் இரண்டு வாக்குகள். வடக்கின் மக்கள்தொகை குடியேற்றத்தால் பெருகிக்கொண்டே போனதால் பிரதிநிதிகள் அவை தெற்கின் கையை விட்டுப் போய்விட்டது. செனட் ஒன்றுதான் அரண்.

வடக்கின் சாதாரண உழவனுக்கும் இதில் தன்னலம் இருந்தது. மேற்கே போய் நிலம் வாங்கிப் பிழைக்க நினைத்த அவன், கூலியில்லா உழைப்போடு போட்டி போட விரும்பவில்லை. அவர்களில் பலருக்கு அடிமைகள்மீது இரக்கம் ஒன்றும் கிடையாது. கறுப்பர்களே அங்கே வர வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னவர்களும் உண்டு. அடிமைமுறைக்கு எதிரான அரசியல் பெரும்பான்மை பெற்றதற்குக் கருணையைப் போலவே இந்தத் தன்னலமும் காரணம். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

மெக்சிகோவுடன் நடந்த போர் (1846-48) பெரும் நிலப்பரப்பைக் கொண்டுவந்து சேர்த்தது. போர் தொடங்கிய சில மாதங்களிலேயே பென்சில்வேனியாவின் டேவிட் வில்மட், கைப்பற்றும் நிலத்தில் அடிமைமுறை கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது, செனட்டில் தோற்றது. வாக்குகள் கட்சி வாரியாகப் பிரியாமல் வடக்கு, தெற்கு என்று பிரிந்தன. ஆபத்து எங்கே இருக்கிறது என்று அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

அடிமை ஒழிப்பாளர்களுக்கு அவ்வளவு செல்வாக்கு இருந்ததா?

தொடக்கத்தில் இல்லவே இல்லை. வில்லியம் லாயிட் கேரிசன் 1831 ஜனவரியில் பாஸ்டனில் பத்திரிகை தொடங்கியபோது வடக்கிலேயே அவரைப் பைத்தியக்காரர் என்றார்கள். 1835இல் பாஸ்டன் கும்பல் ஒன்று அவரைத் தெருவில் இழுத்துச் சென்றது. ஒழிப்பாளர்களுக்கு ஆதரவைத் தேடித் தந்தது தெற்கின் எதிர்வினைதான். சார்ல்ஸ்டன் நகரில் ஒழிப்பாளர்களின் வெளியீடுகள் தபால் நிலையத்திலிருந்து எடுத்துக் கொளுத்தப்பட்டன. 1836 முதல் 1844 வரை, அடிமைமுறைக்கு எதிரான மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கிவைக்கும் விதியைப் பிரதிநிதிகள் அவை கடைப்பிடித்தது. முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ், சாதாரண உறுப்பினராக அவைக்குத் திரும்பியிருந்தவர், தள்ளாத வயதில் அந்த விதியோடு எட்டு ஆண்டுகள் மல்லுக்கு நின்றார். 1837இல் இல்லினாயின் ஆல்டன் நகரில், தன் அச்சு இயந்திரத்தைக் காக்கப்போன ஒழிப்புப் பத்திரிகையாளர் எலைஜா லவ்ஜாய் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அடிமைகளைப் பற்றிக் கவலைப்படாத வெள்ளையருக்கும் இப்போது கவலை வந்தது. மனு கொடுக்க முடியவில்லை, தபால் அனுப்ப முடியவில்லை, பத்திரிகை நடத்த முடியவில்லை என்றால் பறிபோவது தங்கள் உரிமை அல்லவா? 1838இல் மேரிலாந்திலிருந்து தப்பி வந்த ஃப்ரெடரிக் டக்ளஸ் மேடையேறியபோது கேட்க ஆட்கள் இருந்தார்கள். அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டவர்கள், இவர் அடிமையாக இருந்தவரா என்று ஐயப்பட்டதும் உண்டு.

1850 சமரசத்தை ஏன் தோல்வி என்கிறார்கள்? அது போரைப் பத்தாண்டுகள் தள்ளிப்போட்டதே?

தள்ளிப்போட்டது உண்மை. செனட்டர் ஹென்றி கிளே முன்மொழிந்து, இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் துண்டு துண்டாக நிறைவேற்றிய ஏற்பாடு அது. கலிபோர்னியா சுதந்திர மாநிலமானது. யூட்டா, நியூமெக்சிகோ பிரதேசங்களில் குடியேறியவர்களே முடிவு செய்துகொள்ளலாம். தலைநகர் வாஷிங்டனில் அடிமைச் சந்தை மூடப்பட்டது, அடிமைமுறை தொடர்ந்தது. தெற்குக்குக் கிடைத்தது புதிய தப்பியோடிய அடிமைகள் சட்டம்.

அந்தச் சட்டத்தின் விதிகளைப் பாருங்கள். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது. அவர் தன் சார்பில் வாய் திறந்து சாட்சி சொல்ல முடியாது. விசாரிக்கும் ஆணையருக்கு, அவரை எஜமானரிடம் திருப்பி அனுப்பினால் 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். (எழுத்து வேலை அதிகம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம்.) தப்பியவருக்கு உதவினால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. தெருவில் போகும் எந்தக் குடிமகனையும் பிடிப்பதற்குத் துணையாக அழைக்கலாம். அவர் மறுக்க முடியாது.

அதுவரை பாஸ்டன் வணிகருக்கு அடிமைமுறை என்பது எங்கோ தெற்கில் நடப்பது. இப்போது அது அவர் வாசலுக்கு வந்தது. 1854 மே மாதம் வர்ஜீனியாவிலிருந்து தப்பி வந்திருந்த ஆன்டனி பர்ன்ஸ் பாஸ்டனில் கைது செய்யப்பட்டார். நீதிமன்றத்தை உடைத்து அவரை மீட்க ஒரு கூட்டம் முயன்றது. காவலர் ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 2 அன்று, கறுப்புத் துணி தொங்கிய தெருக்கள் வழியாக, பல்லாயிரம் பேர் கூவிக் கூச்சலிட, படைவீரர்கள் புடைசூழ ஒரே ஒரு மனிதர் கப்பலுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். நகரின் பழமைவாதப் பணக்காரர்கள் பலர் அந்த ஒரே வாரத்தில் அடிமை ஒழிப்பாளர்களாக மாறினார்கள். பர்ன்ஸை மறு ஆண்டு நன்கொடை திரட்டி விலை கொடுத்து மீட்டார்கள்.

பிற இடங்களிலும் எதிர்ப்பு கிளம்பியது. விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்றது. ஒரு சில நூறு பேரைத் திருப்பிப் பிடிப்பதற்காகத் தெற்கு வாங்கிய சட்டம், வடக்கில் ஒதுங்கி நின்ற லட்சக்கணக்கானோரை எதிரிகளாக்கியது. இத்தனைக்கும் அது அதுவரை மத்திய அரசுக்குக் கொடுக்கப்பட்ட மிகக் கடுமையான அதிகாரங்களில் ஒன்று. கேட்டு வாங்கியது மாநில உரிமை பேசிய தெற்கு.

ஒரு நாவல்தான் போரை மூட்டியதாமே?

ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்' 1852இல் நூலாக வந்து முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் மூன்று லட்சம் பிரதிகள் விற்றது. அதை எழுதத் தூண்டியது மேலே சொன்ன சட்டம். லிங்கன் அவரைச் சந்தித்தபோது, இந்தப் பெரும் போரைத் தொடங்கிய சின்னப் பெண்மணி நீங்கள்தானா என்று கேட்டதாகச் சொல்லப்படும் கதைக்கு அந்தக் காலத்துச் சான்று இல்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அச்சில் வருகிறது.

கான்சஸில் என்ன நடந்தது?

போருக்கு முன்பே ஒரு சிறு போர் நடந்தது. மேற்கே ரயில் பாதை போட விரும்பிய ஸ்டீபன் டக்ளஸுக்கு அந்தப் பகுதியை அரசமைப்புக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. தெற்கின் வாக்குகளுக்காக, 1854இல் கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டத்தில் 1820இல் போட்ட மிசோரி சமரசக் கோட்டினையே அழித்துவிட்டு, அங்கே குடியேறுபவர்கள் வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றார். கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. யார் குடியேறியவர், எப்போது வாக்கெடுப்பு என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் வினை.

1855 மார்ச்சில் சட்டமன்றத் தேர்தல். தகுதியுள்ள வாக்காளர் சுமார் 2,900 பேர். பதிவான வாக்குகள் 6,000க்கும் மேல். பக்கத்து மிசோரியிலிருந்து துப்பாக்கியோடு எல்லை தாண்டி வந்தவர்கள் போட்ட வாக்குகள் அவை. அப்படி அமைந்த சட்டமன்றம், அங்கே அடிமை வைத்திருக்கும் உரிமையை மறுத்துப் பேசினாலே சிறை என்று சட்டம் போட்டது. எதிர்த்தரப்பு தனக்கென ஓர் அரசை அமைத்துக்கொண்டது. 1856 மே 21 அன்று அந்த எதிர்த்தரப்பின் ஊரான லாரன்ஸ், அடிமைமுறை ஆதரவுக் கும்பலால் சூறையாடப்பட்டு, விடுதி தகர்க்கப்பட்டு, அச்சு இயந்திரங்கள் ஆற்றில் வீசப்பட்டன. மூன்று நாள் கழித்து ஜான் பிரவுன் என்ற ஒழிப்பாளர் தன் மகன்களோடும் சில ஆட்களோடும் பாட்டவாட்டமி ஓடைப் பக்கம் போய், அடிமைமுறை ஆதரவாளர்கள் ஐவரை நள்ளிரவில் வீட்டிலிருந்து இழுத்துவந்து வாளால் வெட்டிக் கொன்றார்.

இதே கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டத்தின் கொந்தளிப்பில், அன்றைய இரு பெருங்கட்சிகளில் ஒன்றான விக் கட்சி சிதறியது. பிரதேசங்களில் அடிமைமுறை பரவக் கூடாது என்ற ஒற்றைப் புள்ளியில் குடியரசுக் கட்சி பிறந்தது.

செனட்டில் ஒருவரைத் தடியால் அடித்தது உண்மையா?

உண்மை. லாரன்ஸ் சூறையாடப்பட்டதற்கு மறுநாள், மே 22. கான்சஸ் பற்றிக் கடுமையாகப் பேசியிருந்த மாசசூசெட்ஸ் செனட்டர் சார்ல்ஸ் சம்னரை, அவர் தன் மேசையில் எழுதிக்கொண்டிருந்தபோது, தென் கரோலினாவின் பிரதிநிதி பிரெஸ்டன் புரூக்ஸ் கைத்தடி முறியும் வரை மண்டையில் அடித்தார். தன் உறவினரான ஒரு செனட்டரைச் சம்னர் இழிவாகப் பேசினார் என்பது புரூக்ஸின் வாதம். சம்னரின் பேச்சு நாகரிகமானதல்ல என்பதும் உண்மைதான். புரூக்ஸுக்கு 300 டாலர் அபராதம். பதவி விலகியவரைத் தொகுதி மீண்டும் தேர்ந்தெடுத்தது. தெற்கெங்கும் இருந்து ரசிகர்கள் புதுத் தடிகள் அனுப்பினார்கள். சம்னர் முழுமையாகப் பணிக்குத் திரும்ப மூன்று ஆண்டுகளுக்கு மேலானது. அதுவரை அவருடைய நாற்காலியை மாசசூசெட்ஸ் காலியாகவே வைத்திருந்தது.

டிரெட் ஸ்காட் வழக்கின் தீர்ப்பு ஏன் அவ்வளவு முக்கியம்?

டிரெட் ஸ்காட் ஒரு ராணுவ மருத்துவரின் அடிமை. எஜமானரோடு சுதந்திர மண்ணான இல்லினாயிலும், மிசோரி கோட்டுக்கு வடக்கே ஃபோர்ட் ஸ்னெல்லிங்கிலும் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அந்த அடிப்படையில் தானும் தன் மனைவி ஹேரியட்டும் விடுதலை பெற்றவர்கள் என்று 1846இல் செயின்ட் லூயிஸில் வழக்குத் தொடர்ந்தார். பதினோரு ஆண்டுகள் இழுத்து, 1857 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

தலைமை நீதிபதி ராஜர் டானி அத்தோடு நிற்கவில்லை. கறுப்பர்கள் அமெரிக்கக் குடிமக்களே ஆக முடியாது என்றார். அரசியல் சட்டம் எழுதப்பட்ட காலத்தில், வெள்ளையர் மதித்தாக வேண்டிய எந்த உரிமையும் அற்றவர்களாகவே அவர்கள் கருதப்பட்டார்கள் என்றார். பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கே அதிகாரம் இல்லை என்றார். மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி கர்ட்டிஸ், அந்தக் காலத்தில் ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பர்கள் வாக்களித்திருக்கிறார்கள் என்ற உண்மையை எடுத்துக்காட்டினார். டானியின் வரலாறே தவறு.

விவகாரத்தை ஒரேயடியாக முடிக்கத்தான் இந்தத் தீர்ப்பு. புதிய அதிபர் புகேனன், தீர்ப்பு எப்படி வரும் என்று முன்பே தெரிந்துகொண்டு, வருவது எதுவானாலும் ஏற்போம் என்று பதவியேற்பு உரையில் நல்ல பிள்ளையாகப் பேசினார். நடந்தது நேர்மாறு. குடியரசுக் கட்சியின் அடிப்படைக் கொள்கையே சட்டவிரோதம் என்று ஆனது. குடியேறியவர்கள் முடிவு செய்யட்டும் என்ற ஸ்டீபன் டக்ளஸின் நடுவழியும் அடைபட்டது. அடுத்த தீர்ப்பு சுதந்திர மாநிலங்களிலேயே அடிமைகளை அனுமதிக்குமோ என்று லிங்கன் 1858இல் கேட்டபோது அதை வெறும் பூச்சாண்டி என்று தள்ள முடியவில்லை. ஸ்காட் குடும்பம் அதே 1857இல் உடைமையாளரின் கையெழுத்தால் விடுதலை பெற்றது. ஸ்காட் மறு ஆண்டு காசநோயால் இறந்தார்.

ஜான் பிரவுன் தியாகியா, பயங்கரவாதியா?

கான்சஸில் அவர் செய்தது கொலை. 1859 அக்டோபர் 16 இரவு, 21 பேரோடு வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைப் பிடித்து, அடிமைகளைத் திரட்டப் பார்த்தது போர்த்திட்டம் என்று சொல்லக்கூடத் தகுதியற்ற திட்டம். முதலில் உயிரிழந்தவர் ஒரு சுதந்திரக் கறுப்பர், ரயில் நிலைய ஊழியர். ராபர்ட் ஈ. லீ தலைமையிலான கடற்படை வீரர்கள் பிரவுனைப் பிடித்தார்கள். டிசம்பர் 2 அன்று தூக்கு.

ஆனால் விசாரணையில் அவர் காட்டிய நிதானம் வடக்கை உலுக்கியது. தூக்கிலிடப்பட்ட நாளில் வட நகரங்களில் தேவாலய மணிகள் ஒலித்தன. அந்த மணியோசைதான் தெற்கை அதிகம் அச்சுறுத்தியது. ஒரு கிறுக்கனின் செயல் என்று தள்ளிவிட்டிருந்தால் அங்கே பிரிவினைவாதிகளுக்குப் பேச்சு எடுபட்டிருக்காது.

லிங்கன் அடிமைமுறையை ஒழிப்பேன் என்று சொல்லவே இல்லையே, பிறகு ஏன் பிரிந்தார்கள்?

1860 தேர்தலில் ஜனநாயகக் கட்சி வடக்கு, தெற்கு என்று இரண்டாக உடைந்து இரு வேட்பாளர்களை நிறுத்தியது. குடியரசுக் கட்சியின் லிங்கன் சுமார் 40 விழுக்காடு மக்கள் வாக்குகளோடு, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் 303க்கு 180 பெற்று வென்றார். பத்து தென் மாநிலங்களில் அவருக்கு ஒரு வாக்கும் பதிவாகவில்லை. தெற்கின் ஒரு வாக்குகூட இல்லாமல் அதிபராக முடியும் என்பதே அங்கிருந்தவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. இனித் தபால் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் அவருடைய ஆட்கள் அமர்வார்கள். தெற்கிலேயே ஏழை வெள்ளையரிடையே அவருக்கு ஒரு கட்சி முளைக்கலாம். பரவ முடியாத அடிமைமுறை மெல்ல மூச்சடைத்துப் போகும். இந்தக் கணக்கில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை. அடிமைமுறை நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறவருக்கு அது சரியான கணக்கு.

தென் கரோலினா 1860 டிசம்பர் 20 அன்று பிரிந்தது. பிப்ரவரி 1க்குள் ஏழு மாநிலங்கள் போய்விட்டன. அடிமைமுறையை மாநிலங்களில் என்றென்றும் காக்கும் அரசியல் சட்டத் திருத்தம் ஒன்றை நாடாளுமன்றம் 1861 மார்ச்சில் நிறைவேற்றி நீட்டியது, லிங்கனும் ஆட்சேபிக்கவில்லை. அதற்கும் அவர்கள் திரும்பவில்லை. பிரதேசங்களை விட்டுக்கொடுக்க லிங்கன் தயாராக இல்லை. வேறெதையும் ஏற்க அவர்கள் தயாராக இல்லை. ஏப்ரல் 12 விடியலில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் மத்திய அரசின் வசம் இருந்த ஃபோர்ட் சம்டர் கோட்டை மீது தெற்கின் பீரங்கிகள் வெடித்தன. லிங்கன் 75,000 படைவீரர்களைக் கேட்டதும் மேலும் நான்கு மாநிலங்கள் பிரிந்தன. டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசோரி ஆகிய நான்கு அடிமை மாநிலங்கள் ஒன்றியத்திலேயே தங்கின.

பிரிட்டனைப்போல இழப்பீடு கொடுத்து முடித்திருக்கலாமே?

பிரிட்டன் 1833இல் 2 கோடி பவுண்டு கொடுத்தது, அதுவும் எஜமானர்களுக்கு. அமெரிக்காவில் தொகை மத்திய அரசின் ஆண்டுச் செலவைப் போலப் பல பத்து மடங்கு. அதைவிடப் பெரிய தடை, விற்க யாரும் முன்வரவில்லை என்பது. 1860 கணக்கில் 1,800 அடிமைகள் மட்டுமே இருந்த டெலவேருக்கு லிங்கன் இழப்பீட்டுத் திட்டம் ஒன்றை முன்வைத்தார். அந்தச் சின்ன மாநிலம்கூட ஏற்கவில்லை.

அப்படியானால் அடிமைகளை விடுவிக்க வடக்கு போருக்குப் போகவில்லையா?

முதலில் இல்லை. ஒன்றியத்தைக் காப்பதே நோக்கம் என்று நாடாளுமன்றம் 1861 ஜூலையில் தீர்மானமே போட்டது. அதை மாற்றியவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் அடிமைகளே. போர் தொடங்கி ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், 1861 மே மாத இரவொன்றில், ஃப்ராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மாலரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூவர் வர்ஜீனியாவில் தெற்குப் படைக்காக அரண் கட்டும் வேலையிலிருந்து படகில் தப்பி, வடக்கின் வசம் இருந்த ஃபோர்ட் மன்றோவுக்கு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் தெற்குப் படை அதிகாரி ஒருவர் வெள்ளைக் கொடியோடு வந்து, தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி அவர்களைத் திருப்பித் தருமாறு கேட்டார். கோட்டையின் தளபதி பெஞ்சமின் பட்லர் அடிப்படையில் வழக்கறிஞர். வர்ஜீனியா தன்னை அயல்நாடு என்று அறிவித்துக்கொண்டிருக்கிறது, அயல்நாட்டுக்கு அமெரிக்கச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று கேட்டு, எதிரியின் போர்த் தளவாடம் என்ற பெயரில் அவர்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். செய்தி பரவி நூற்றுக்கணக்கில் மக்கள் கோட்டைக்கு வந்து குவிந்தார்கள். பட்லர் செய்தது போன்ற பறிமுதலை நாடாளுமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டமாக்கியது. அடிமை விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்று வந்தது.